அக்கா கல்யாணத்தில் ஜெர்மன்காரர்கள்

கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தவன் தானாக இறங்கி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. யாராவது போய் இறக்கினால்தான் உண்டு. என்னை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் என் அப்பா, இன்னொருவர் என் அக்காவின் மாமனார். இரண்டு வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு பெரிய மனிதர்களை ஒரே மேடையில் ஏற்றியவன் நான். இதைச் சாதனை என்று சொன்னால் அக்கா இன்றைக்கும் கரண்டியைத் தேடுகிறாள்.

நடந்தது எழுபதுகளின் நடுவில். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் கிராணி, ஆபீஸில் ஃபைல் பார்க்கும் உத்தியோகம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவரும் அவருடைய சிநேகிதர் சிங்காரவேலு மாமாவும் சேர்ந்து ஒரு பஜனை மன்றம் நடத்தினார்கள். வந்தவர் எல்லாம் பாடலாம் என்பது அப்பாவின் கொள்கை. சுருதி சேராதவன் தாளம்கூடத் தட்டக் கூடாது என்பது மாமாவின் கொள்கை. ஒரு நாள் வாய்த்தகராறு முற்றியது. மறுநாளே நன்றாகப் பாடுகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு மாமா இருபது மைல் தள்ளி இருந்த கிள்ளானுக்குக் குடிபோய், அங்கே அதே பெயரில் இன்னொரு மன்றம் ஆரம்பித்துவிட்டார். மன்றத்தின் ஒரே ஆர்மோனியமும் அவரோடு லோரியில் ஏறிப் போய்விட்டது. (ஒரே பெயரில் இரண்டு சங்கம், இரண்டு தலைவர், இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். எங்கள் ஊரில் இதெல்லாம் சகஜம் லா.)

மன்றம் பிரிந்ததே தவிர, என் அக்கா சரோஜாவும் மாமாவின் மகனும் பிரியவில்லை. அக்கா இரண்டு வருடம் அழுதாள், பட்டினி கிடந்தாள், கடைசியில் இரண்டு அப்பாக்களையும் சம்மதிக்க வைத்தாள். ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"கல்யாணத்தன்னைக்கு மன்றத்தப் பத்தியோ ஆர்மோனியத்தப் பத்தியோ ஒரு வார்த்த எங்க காதுல விழுந்துச்சு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம். பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போய்க்கிட்டே இருப்போம்."

சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் எழுந்துபோன கல்யாணம் என்று பெயர் வந்தால் அக்கா அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து வாழ்வாள்? அதனால் அவள் வீட்டில் உள்ள அத்தனை பேரிடமும் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினாள். நானும் அடித்தேன். கை சுட்டதுதான் மிச்சம்.

இப்போது என்னைப் பற்றி. எனக்கு இருபத்தோரு வயது. ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க். புது மெஷின் பூட்ட வந்த ஜெர்மன் டெக்னீஷியன் ஒருவர் மூன்று மாதம் எங்களோடு இருந்தார். தேநீர் இடைவேளையில், உடைந்த ஆங்கிலத்தில், தன் நாட்டு ராக் குழு ஒன்றின் வரலாற்றை எனக்குச் சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது அவர்களுடைய இசைத்தட்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். வடக்கே பெர்லிஸிலிருந்து தெற்கே ஜொகூர் வரைக்கும் இந்த விஷயம் தெரிந்த ஒரே தமிழன் நான்தான் என்று ஒரு நினைப்பு. காது மறைய முடி வளர்த்தேன். பன்னிரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

ஆள் கிடைத்தார்கள். முந்நூறு பேர்.

காலையில் கோயிலில் தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளையும் பெண்ணும் கழுத்து மாலையோடு படம் பிடிக்க ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் வராமல் பந்தி போட முடியாது. மண்டபத்தின் இடது பக்கம் எங்கள் ஆட்கள், வலது பக்கம் இரண்டு பஸ்ஸில் வந்த கிள்ளான் ஆட்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடைவெளி. அறிவிப்பாளர் நான். அப்பா காதில் வந்து சொன்னார்.

"தம்பி, அவங்க வர்ற வரைக்கும் எதையாச்சும் பேசிச் சமாளிடா. கூட்டம் பசியில இருக்கு."

எதையாச்சும்! அந்த ஒரு வார்த்தையை அப்பா சாகும்வரை நொந்துகொண்டார்.

சட்டைப் பையிலிருந்து கட்டுரையை உருவினேன். "பெரியோர்களே! மணமக்கள் வரும் வரை உங்களை மேற்கு ஜெர்மனிக்கு அழைத்துப் போகிறேன்" என்று ஆரம்பித்தேன். "அங்கே ஒரு பெரிய வீடு. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரே கூட்டமாக வாழ்ந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. அங்கே பிறந்தது ஓர் இசைக்குழு! தலைவர் கிடையாது. வந்தவர் எல்லாம் வாசிக்கலாம். வாசிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை!"

இடது பக்கம் பலத்த கைதட்டல். ஜெர்மன் இசைக்குப் பிரிக்பீல்ட்ஸில் இவ்வளவு ரசிகர்களா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. குரலை உயர்த்தினேன்.

"ஆனால், இசை தெரிந்த சிலருக்கு இது பொறுக்கவில்லை. தங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற தலைக்கனம்! ஒரு நாள் பிரிந்து வேறு வீட்டுக்குப் போனார்கள். போனவர்கள் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்களா? இல்லை! அதே பெயர்! நான் கேட்கிறேன், உண்மையான குழு எது?"

"நம்மதுதான்!" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

வலது பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஆழமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தேன்.

(உனக்கு மன்றத்துக் கதை தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். இரண்டு வருடம் காலையும் மாலையும் வீட்டில் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு அது எனக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. மேடையில் என் புத்தி முழுக்க ஜெர்மனியில் இருந்தது.)

அடுத்து வந்ததுதான் வினை. டெக்னீஷியன் சொன்னது எல்லாம் கட்டுரையில் இருந்தது. அவர் சொல்லாத ஒரே ஒரு வரியை, சுவை கூட்ட, நானே சேர்த்திருந்தேன்.

"போகும்போது சும்மா போகவில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே ஆர்கனையும் தூக்கிக்கொண்டு போனார்கள்! ஆர்கன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம்முடைய ஆர்மோனியத்துக்கு அண்ணன் மாதிரி."

சிங்காரவேலு மாமா எழுந்தார். ஆறடி உயரம், வெள்ளை மீசை.

"தம்பி, யாரச் சொல்ற?"

"ஜெர்மன்காரங்கள மாமா! உக்காருங்க, இன்னும் ஏழு பக்கம் இருக்கு!"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான். வலது பக்கம் மொத்தமும் எழுந்து வாசலுக்கு நடந்தது. நூறு பேருக்கு மேல் இருக்கும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "போகாதீங்க! இன்னும் பாட்டே போடல!" என்று கத்தி, கையோடு கொண்டுவந்திருந்த இசைத்தட்டை மண்டபத்து ரெக்கார்ட் பிளேயரில் சுழலவிட்டு ஊசியை வைத்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. டமடமவென்று எட்டுப் பேர் எட்டு விதமாக அடிக்க, நடுவில் ஓர் அம்மாள் அய்யோ அய்யோ என்று ஓலமிடுவது போல ஒரு குரல். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துச் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

அப்பா மேடையேறி ஊசியைப் பிடுங்கினார். அதே நேரம் மாமாவும் திரும்பி வந்தார். பஸ் டிரைவர்கள் இரண்டு பேரும் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டார்களாம். கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்தவர்கள் உச்சி வெயிலில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். மாமாவின் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது. ஆளுக்கு ஒரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீர் எழுதிக் குடுத்துத்தானே இவன் படிக்கிறான்?"

"நான் எழுதிக் குடுத்தா இவ்வளவு கேவலமாவா இருக்கும்?"

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து இறங்கினாள். வாசலில் சம்பந்தி வீட்டார் வெயிலில். மேடையில் இரண்டு அப்பாக்கள், நடுவில் நான். அவள் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அக்கா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள்.

"டேய், நெசமாவே ஜெர்மன்காரனா?"

"சத்தியமாக்கா" என்று இசைத்தட்டின் உறையை நீட்டினேன்.

அக்கா அதை வாங்கி மாமனார் கையில் கொடுத்தாள். "மாமா, நீங்களே பாருங்க."

மாமா கண்ணாடியை மாட்டினார். ஒரு பழைய வீட்டு முன்னால் இருபது பேர் நிற்கும் படம். நீள முடி, தாடி, கைக்குழந்தைகள், ஒரு நாய்.

"இதுல யாரு நானு?"

"யாருமில்ல மாமா. இது அவங்க கதை."

அவர் விடவில்லை. "போனவன் எவன், இருந்தவன் எவன்?"

நான் குத்துமதிப்பாக நாலு பேரைக் காட்டினேன். அப்பாவும் எட்டிப் பார்த்தார். இரண்டு வழுக்கைத் தலையும் அந்த அட்டையின் மேல் குனிந்தன.

"போனதுல என்ன தப்பு?" என்றார் மாமா, படத்தைப் பார்த்தபடியே. "சுருதி தெரிஞ்சவன் எத்தன நாளைக்கு டின்னு தட்டுறவன் பக்கத்துல உக்காருவான்?"

"போனது தப்புன்னு யாரு சொன்னா?" என்றார் அப்பா, அவரும் படத்தைப் பார்த்துத்தான். "சொல்லிட்டுப் போயிருக்கலாம். பத்து வருசம் ஒண்ணாச் சாப்பிட்டவன், விடியக்காலையில லோரியக் கொண்டாந்து நிப்பாட்டினா, இருக்கிறவனுக்கு எப்பிடி இருக்கும்?"

(ஜெர்மன்காரர்கள் கதையில் லோரியே கிடையாது. வாயைத் திறப்பேனா நான்?)

இருந்தவன் என்று நான் காட்டிய தாடிக்காரனை மாமா விரலால் தட்டிக் காட்டினார். "சொல்லியிருந்தா இவன் போக விட்டிருக்க மாட்டான்."

"விட்டிருக்க மாட்டான்தான்" என்றார் அப்பா.

மைக் என் கையில்தான் இருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை. வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் இதெல்லாம் வெயிலில் நின்ற கிள்ளான் கூட்டத்துக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. ஒவ்வொருவராக உள்ளே வந்து, சத்தமில்லாமல் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அக்கா மைக்கைப் பிடுங்கினாள். "மாமா, அப்பா, ஜெர்மன்காரங்க சண்டைய அப்புறம் பாத்துக்கலாம். சோறு ஆறிப்போவுது. எனக்கும் பசிக்குது."

மாமா அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கை கழுவப் போனார். முதல் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தார். பாயசம் ஊற்றும்போது, "என்ன இருந்தாலும் அந்தப் பேரு போனவனுக்குத்தான்யா சேரணும்" என்றார். "அது எப்பிடி?" என்று அப்பா திரும்பி உட்கார, அக்கா எனக்கு மட்டும் பாயசம் ஊற்ற வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டாள்.

மன்றங்கள் ஒன்று சேரவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். ஆனால் அதற்குப் பிறகு இருபது வருடம் அக்கா வீட்டில் சந்தித்த போதெல்லாம் அந்த இரண்டு பேரும் ஜெர்மன்காரர்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள். மன்றம் என்ற வார்த்தை ஒரு நாளும் வந்ததில்லை. அக்காவும் அத்தானும் முட்டிக்கொண்டால் அவர்கள் மகள் எனக்கு போன் போட்டு, "மாமா, இங்க ஜெர்மன்காரங்க பிரியப் போறாங்க, சீக்கிரம் வாங்க" என்பாள். நானும் போவேன். மைக் இல்லாமல்.

தொண்ணூறுகளில் அப்பா தவறிப்போனார். மாமா கிள்ளானிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்து, அப்பாவின் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல், அப்பாவிடமே சொன்னார்.

"நீ சொன்னதுதான்யா சரி. அந்த ஜெர்மன்காரன் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை. என் நிலைமையும் அதுதான். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, உங்களுக்கு ஜெர்மனியிலயும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று மெதுவாக விசாரித்தார்.

"இருக்காங்க அங்கிள்," என்றேன். "ரெண்டு வீடு."