ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்

ஈசிஆர் ரோட்டில் எத்தனையோ பேர் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். வேகத்தடைக்கு மரியாதை கொடுத்து ஓட்டிய மனிதர் ஒருவர்தான். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எங்கள் வேனில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் ‘ஸ்பீடுபிரேக்கர்’ அண்ணன். தூரத்தில் அந்த மேடு கண்ணில் பட்டதுமே வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கிவிடுவார். “மெதுவா, மெதுவா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முன் சக்கரத்தை ஏற்றி இறக்குவார். கொஞ்சம் இளைப்பாறுவார். அப்புறம்தான் பின் சக்கரம். பின்னால் வருகிறவர்கள் முதலில் ஹாரன் அடிப்பார்கள், பிறகு திட்டுவார்கள், கடைசியில் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தபடி தாண்டிப் போவார்கள்.

நான் அப்போது புதுப்பட்டினத்தில் குடியிருந்தேன். மனைவிக்குப் பக்கத்திலேயே அணு ஆராய்ச்சி வேலை, எனக்கு ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் வேலை. என்னைப் போன்ற சாப்ட்வேர் பிழைப்புக்காரர்களைக் காலையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப வாரிக்கொண்டு வருவது அண்ணனின் வேன். “கொஞ்சம் மிதிங்கண்ணே, லேட்டாவுது” என்று ஸ்டீபன் தினமும் கெஞ்சுவான். ஸ்டீபன் எங்கள் வேனின் அதிகப்பிரசங்கி. எதற்கும் முதலில் வாயைத் திறப்பவன் அவன்தான்.

“மிதிச்சா முதுகு போய்டும் தம்பி. இன்னைக்கு இன்னா கெழமை?”

“செவ்வாய்ண்ணே.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கணும்ல?”

விஷயம் இதுதான். பல வருடம் ஸ்டீயரிங் பிடித்து அவர் முதுகு பழுதாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்கு மசாஜ் நடக்கும். எங்கே, யாரிடம் என்று கேட்டால், “மகாபலிபுரத்துல கீறாங்க, கைராசிக்காரங்க” என்பதோடு வாயை மூடிக்கொள்வார். அந்த மசாஜை அடுத்த ஞாயிறு வரை கெடாமல் வைத்திருப்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம். நாமெல்லாம் காலையில் மசாஜ் செய்துகொண்டு, சாயங்காலமே அரிசி மூட்டை தூக்கி, ராத்திரி சோபாவில் கோணிப் படுத்து அதைத் தீர்த்துக்கட்டிவிடுவோம். அவரோ ஈரக் கரண்டி படாமல் ஊறுகாயைக் காப்பாற்றுகிற மாதிரி அதைக் காப்பாற்றினார்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிளாஸ்கில் எப்போதும் வெந்நீர். டீ காலையில் ஒன்று, அத்தோடு சரி. ஒன்பது மணிக்கெல்லாம் பாயில் நேராகப் படுத்துவிடுவார். யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. மொத்த உடம்பும் தேர் திரும்புகிற மாதிரி நிதானமாகத் திரும்பும். இதனால் சொந்தக்காரர் கல்யாணத்தில் ‘தலைக்கனம் பிடித்தவன்’ என்று பெயர் வாங்கியிருந்தார். அவருடைய வைத்தியத்தில் பாதி நிஜம், பாதி சொந்தச் சரக்கு. கோணிக்கொண்டு தும்மினால் ஒரு வார மசாஜ் அதோடு காலி என்பது அந்தச் சொந்தச் சரக்கில் ஒன்று.

தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. எங்களையும் இழுத்துவிட்டார். வேனில் குனிந்து போன் பார்க்கக்கூடாது. முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கற்பூரத் தட்டு ஏந்திய பக்தர்களைப் போல நாங்கள் வரிசையாகப் போனை ஏந்திக்கொண்டு போவோம். திருப்போரூர் வந்ததும் எல்லோரும் இறங்கி, கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து நெளிக்க வேண்டும். கோயிலுக்கு வந்த ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டு, “இது இன்னா வேண்டுதல்ங்க?” என்று பயபக்தியோடு கேட்டார். “முதுகு வேண்டுதல்மா” என்றார் அண்ணன். அந்த அம்மாவும் நம்பி, எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் பர்ஸ் விவகாரம். பின் பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் என்பது அண்ணனின் சித்தாந்தம். அதனால் ஏறும்போதே எல்லோருடைய பர்ஸையும் வாங்கித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது போலீஸ்காரர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். மற்றவர்கள் முழுத் தூக்கம். லைசென்ஸ் எடுக்கப் பையைத் திறந்த அண்ணன் பர்ஸ் பர்ஸாக எடுத்து வெளியே வைத்தார்.

“இன்னாய்யா இது, இத்தினி பர்ஸு?”

“எல்லாம் இவங்களுது சார்.”

“அது தெரியுது. உங்கிட்ட ஏன் கீது?”

“பின்னால வச்சிக்கினு உக்காந்தா இடுப்பு கோணிக்கும் சார். அதான் வாங்கி வச்சிக்கினேன்.”

போலீஸ்காரர் ஜன்னல் வழியே வாய் பிளந்து கிடந்த எங்களை எட்டிப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

“இவங்களுக்குக் குடிக்க இன்னா குடுத்த?”

“வெந்நீர் சார்.”

நல்லவேளை, ஸ்டீபன் கண்ணைத் திறக்காமலே, “ஊரு வந்துடுச்சாண்ணே? என் பர்ஸக் குடுங்க” என்றான். இல்லாவிட்டால் அன்று அண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருப்பார். விளக்கமெல்லாம் கேட்டு முடித்த போலீஸ்காரர், போகும்போது தன் பர்ஸை எடுத்துச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்படி வாரம் தவறாமல் காப்பாற்றிய மசாஜ் ஒரு புதன்கிழமை போயேபோய்விட்டது. காரணம் நாங்கள்தான். அன்று ஆபீஸ் சீக்கிரம் விட்டது. மகாபலிபுரத்தில் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கலாம் என்று ஸ்டீபன் அடம்பிடிக்க, அண்ணனும் அரைமனதோடு ஒரு சந்தில் திருப்பினார். கடல் தெரிவதற்குள் பின் சக்கரம் மணலில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். கீபோர்டு தட்டிய கைகளுக்கு வேன் மசியவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் கண்ணாடியில் எங்களையே பார்த்தார். பிறகு ஸ்டீபனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்து தோளைக் கொடுத்தார். வண்டி மேலேறியது. அண்ணன் பாதி வளைந்தபடியே நின்றுவிட்டார்.

“ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்” என்றார், தரையைப் பார்த்து.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஊரில் மசாஜுக்கா பஞ்சம், தெருவெல்லாம் போர்டுதான். செலவு எங்களுடையது என்று கூட்டிக்கொண்டு நடந்தோம். ஒரு பச்சை போர்டு கடையைக் கண்டதும் அண்ணன் மிரண்டார்.

“வேற எங்கனா போலாம். இந்தக் கடை மட்டும் வேணாம்.”

“காஸ்ட்லியா இருக்கும்னு பயப்படுறாரு. அப்ப இதான் பெஸ்ட்டு” என்று ஸ்டீபன் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

உள்ளேயிருந்து ஓர் அம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கட்டைவிரலிலும் வெள்ளைத் துணி நாடாவை இறுக்கிச் சுற்றியிருந்தார். அவரைப் பார்த்த நொடியில் அண்ணன் மந்திரம் போட்ட மாதிரி நிமிர்ந்தார்.

“இன்னாய்யா, வண்டி ஓட்ற நேரத்துல இங்க?”

“சும்மா, இப்டிக்கா வந்தோம். இவங்கதான் நம்ம வண்டி ஆளுங்க.” எங்கள் பக்கம் மொத்தமாகத் திரும்பி, “வூட்டுக்காரி” என்றார்.

அந்த அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“முதுகு எப்டி கீது?”

“சூப்பரா கீது.”

“அப்ப குனி.”

அண்ணன் குனியவில்லை. அந்த அம்மா அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். நாங்கள் தைல வாசனையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, “மெதுவா, மெதுவா” என்று குரல் வந்தது. வேகத்தடையில் கேட்கிற அதே குரல்.

“வலிக்குதா?”

“எனக்கு இன்னா வலி. உன் கட்ட வெரலுக்குச் சொன்னேன்.”

பிறகு அவர் மனைவி வெளியே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “காலைலேர்ந்து வெள்ளக்காரம்மாங்களுக்கு அமுக்கிட்டு வூட்டுக்குப் போனா, தோசை திருப்பக்கூட கை வராது சார். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு மட்டும்தான் அது முதுகக் காட்டும், அதுவும் நான் சண்டை போட்டாதான். நடுவுல வலிச்சா மூச்சு வுடாது. என் கை ஓஞ்சி பூடுமாம்.” கட்டைவிரல் நாடாவை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். “வலிக்கலன்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா நம்புன மாரி இருங்க சார்.”

மசாஜ் கடையில் வேலை செய்கிற பெண்ணைப் பற்றி ஊர் வாய் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அந்த வாய் எங்கள் வேனிலும் இருக்குமோ என்று பயந்துதான் அண்ணன் இத்தனை நாளும் ஆளைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. கூடவே, அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

மறுநாள் காலை முதல் வேகத்தடை வந்தது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள், “மெதுவாண்ணே, மெதுவா” என்றான் ஸ்டீபன்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். என் முதுகு நன்றாக இருக்கிறது, பர்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது. புதன்கிழமைகளில் மறக்காமல் அவருக்குப் போன் செய்து, முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும் சார்” என்பார். நானும் நம்பின மாதிரி இருந்துகொள்வேன்.