கைத்துப்பாக்கிக்குத் தள்ளுபடி

வெல்மாவைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தேன். ஆமாம், நானேதான் எடுத்தேன். வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. வெல்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

முடிவு இதுதான்: ஒரு கைத்துப்பாக்கி வாங்குவது.

எதற்கு என்று கென்டக்கியில் எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். வெல்மா கேட்பாள். என்னிடம் ஏற்கெனவே மூன்று துப்பாக்கிகள் உண்டு. ஒன்று மானுக்கு. ஒன்று வான்கோழிக்கு. மூன்றாவது, என் மாமனார் என்னை மிரட்டுவதற்காக வைத்திருந்தது. அவர் போன பிறகு எனக்கே வந்துவிட்டது. ஆக, நாலாவது தேவையே இல்லை. ஆனால் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. கடையில் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர் கொடுத்து வாங்கவேண்டியது. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை வெட்டி, ரசீதோடு தபாலில் போடவேண்டியது. துப்பாக்கி செய்த கம்பெனியே எழுபத்தைந்து டாலருக்குச் செக் அனுப்பும். சனிக்கிழமையோடு சரி.

எழுபத்தைந்து டாலரை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன கோடீஸ்வரனா?

வெல்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"என்ன அது கையில?"

"தள்ளுபடி."

"தள்ளு, படிக்கிறேன்" என்று என்னைத் தள்ளிவிட்டு அவள் படித்தாள். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தாள். லாரியில் ஏறத் தெரியாத கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல.

"ஆர்வில், உனக்கு எத்தனை கை?"

"ரெண்டு."

"துப்பாக்கி எத்தனை?"

"வெல்மா, கண்ணு, நீ கணக்கைப் பாரு. எழுபத்தஞ்சு திரும்பி வருது!"

"போன பணம்தான் திரும்பி வரணும். போகாத பணம் ஏன் திரும்பி வருது? அது வீட்டுலயேதானே இருக்கு."

"வாங்கலைன்னா எழுபத்தஞ்சு டாலர் நட்டம்!"

"நேத்து நான் வைர மோதிரம் வாங்கல. அதுல நமக்கு எவ்வளவு நட்டம், சொல்லு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் மோதிரம் வாங்கவேண்டி வந்திருக்கும்.

"அதோட நீ என்னத்தைச் சுடப் போற? உனக்குச் சுடத் தெரிஞ்சது பன்னிக்கறி ஒண்ணுதான். அதையும் கருக்கிடற."

அன்று மாலை பக்கத்து வீட்டு டெல்பர்ட்டிடம் போய் அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தூண்டில் நூலுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். 

"முட்டாப் பயலே, உனக்குன்னு ஏன் கேட்ட? அவளுக்குன்னு கேளு. நான் மீன்பிடிப் படகு வாங்கினது எப்படின்னு நினைச்ச? பொண்டாட்டிகிட்ட 'செல்லம், உனக்காக'ன்னேன். படகுக்கு அவ பேரையே வெச்சேன்."

"ரோவீனா அதுல ஏறினாளா?"

"இன்னிக்கு வரைக்கும் இல்ல. தண்ணின்னா பயம்."

பெரிய மூளை அவனுக்கு. 

நான் கேஸ் டாங்கர் லாரி ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் வாரம் இரண்டு நாள் வெளியூரில் தங்கல். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை எடுத்துவிட்டேன்.

"வெல்மா, நான் வெளியூர்ல படுத்திருக்கேன். நீ இங்க தனியா இருக்க. எனக்குத் தூக்கமே வரதில்ல தெரியுமா?"

"நீ குறட்டை விடறதா ஓட்டல்காரன் ஃபோன் பண்ணான்."

"அது பெருமூச்சு! அந்தத் துப்பாக்கி எனக்கில்ல. உனக்கு. உன் பாதுகாப்புக்கு. நேத்து சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சோளரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. 

"எனக்காகவா ஆர்வில்?"

"பின்ன யாருக்கு?"

நானே அதை நம்பிவிட்டேன். அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவளும் கிளம்பிவிட்டாள். உதட்டுச் சாயம் வேறு. கடைக்காரன் மெர்லிடம் நான் ஒரு கறுப்புத் துப்பாக்கியைக் காட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, சிங்கக்குட்டி மாதிரி இருந்தது. 

வெல்மா தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கே. இதைவிடச் சின்னதா இருக்கா?"

இருந்தது. அதற்கும் தள்ளுபடி இருந்தது. பிடி ஊதா நிறம்.

"வெல்மா, ஊதாவா?"

"எனக்குத்தானே ஆர்வில்?"

மெர்ல் விண்ணப்பத்தை எடுத்தான். "யாருக்கு வாங்கறீங்களோ அவங்கதான் எழுதணும். சட்டம்." 

நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். மெர்ல் என்னைத் தாண்டி அவளிடம் கொடுத்தான். "நீங்க அந்தத் தூண்டில் புழு டப்பா பக்கம் கொஞ்சம் நில்லுங்க சார்."

நின்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள். மெர்ல் அரசாங்கத்துக்கு ஃபோன் போட்டு அவளைப் பற்றி விசாரித்தான்; சரி என்று பதில் வந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். பணம் கட்ட.

தள்ளுபடிச் சீட்டில் யார் பெயர்? ரசீதில் யார் பெயரோ அவர் பெயர்தானாம். 

வாங்கிய பெண்களுக்கு ஒரு நாள் இலவசப் பயிற்சியும் உண்டாம். போனாள். பத்துக் குண்டில் ஒன்பது நடுவட்டத்தில். பத்தாவது எங்கே என்று கேட்டேன். "ஒன்பதாவது போன ஓட்டையிலயே போயிடுச்சு" என்றாள். பெண்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வியாழக்கிழமைதோறும் அவள் பயிற்சிக்குப் போகிறாள். நான் பன்றிக்கறி சுடுகிறேன். கருகத்தான் செய்கிறது.

துப்பாக்கியை ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். 

"சும்மா பின்பக்கம் போய் ரெண்டு டப்பாவைச் சுட்டுட்டுத் தரேனே?"

"என் பாதுகாப்புக்கு வாங்கினது ஆர்வில். டப்பா என்னை என்ன பண்ணுச்சு?"

எட்டு வாரம் கழித்துச் செக் வந்தது. வெல்மா டாக்கெட் பெயரில், எழுபத்தைந்து டாலர். அதில் பாதியாவது கண்ணில் காட்டுவாள் என்று இருந்தேன். அவள் நேராகக் கடைக்குப் போய் ஒரு சின்ன இரும்புப் பெட்டி வாங்கி வந்தாள். எண்களை அழுத்தினால்தான் திறக்கும். துப்பாக்கியை உள்ளே வைத்து டக்கென்று மூடினாள்.

"எனக்குத் திறக்கத் தெரிய வேண்டாமா? நானும் இந்த வீட்டு மனுஷன்தானே?" என்று குரலை உயர்த்தினேன்.

"அட, உனக்கில்லாததா?" என்று என் கன்னத்தைத் தட்டினாள். "நம்ம கல்யாணத் தேதிதான். அழுத்தித் திறந்துக்கோ, எடுத்துக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இரண்டு வாரமாகிறது. மூன்று தேதி போட்டுப் பார்த்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் டெல்பர்ட்தான். வேலியோரம் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு மழை பெஞ்சுதுடா."