உரும்பிராய்ப் பிளவைக் கண்டுபிடித்த கதை

தானாகப் படித்தவனுக்கு ஒரு வருத்தம் உண்டு. படித்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் சோறு செமிக்காது. (வாத்தியாரிடம் படித்தவர்களுக்குப் பரீட்சையோடு அது சுகமாகிவிடும்.)

வேலை தேடிக்கொண்டிருந்த காலம். பூமித்தட்டுகள் உரசும் எல்லைகளில் எந்தப் பிளவு இன்னும் அசைகிறது என்று செய்மதி ராடார் படங்களிலிருந்து வரையும் வித்தையை யூடியூப்பில் பழகினேன். ஒரே இடத்தை வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், அசைந்த நிலம் நிறம் மாறித் தெரியும். சுமாத்திராவை வரைந்தாயிற்று. அடுத்தது எங்கள் ஊர் உரும்பிராய். தட்டெல்லை கடல் தாண்டி எங்கோ கிடக்கிறது என்பதெல்லாம் எனக்கு ஒரு தடையாகவே படவில்லை.

படத்தில் ஒரு நேர்கோடு. இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. கோடு சரியாக எங்கள் வேலியால் போனது!

அந்த வேலிக்கு ஒரு வழக்கு இருந்தது. பக்கத்துக் காணிச் சின்னராசா அண்ணை வேலியை எங்கள் பக்கம் அரக்கி நகர்த்தி, எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தன் காணிக்குள் எடுத்துவிட்டார் என்று அப்பா இணக்கசபைக்குப் போயிருந்தார். நானோ படத்தை முதலில் காட்டியது அண்ணைக்குத்தான். (அப்பா சந்தைக்குப் போயிருந்தார். செமிபாடு காத்திருக்குமா?)

"அப்ப நிலம் தானா நகருது எண்டுறீர்?"

"ஓம் அண்ணை. உங்கடை பக்கம் முழுக்க அசைஞ்சிருக்கு."

"உந்தப் படத்தில ஒண்டு தாருமன், தம்பி."

அச்சடித்தே கொடுத்தேன். கலரில்.

இணக்கசபையில் அவர் அதை விரித்தார். "ஐயாமாரே, நான் வேலியை அரக்கேல்லை. நிலம்தான் அரக்கியிருக்கு. உவரின்ரை மகன்தான் கண்டுபிடிச்சவர்."

அதற்கிடையில் நான் இன்னொரு வீடியோ பார்த்திருந்தேன். கொத்திய மண்ணும் ஈர மண்ணும்கூட ராடாரில் நிறம் மாறிக் காட்டுமாம். வெங்காயத்துக்கு அண்ணை கொத்தித் தண்ணி இறைத்ததைத்தான் நான் பூமிப்பிளவு என்று வரைந்திருக்கிறேன். எழும்பிச் சொன்னேன். அண்ணை விடவில்லை.

"பாத்தியளே? தேப்பனைக் கண்டவுடனை விஞ்ஞானம் மாறுது!"

சபை முழுக்கச் சிரிப்பு. அப்பா என்னைப் பார்த்தார்.

"மற்றவை வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டுவினம். நான் பெத்தே வைச்சிருக்கிறன்." பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். "மரம் அங்காலையே நிக்கட்டும், பழத்தில பாதியைத் தாங்கோ."

அண்ணை சொல் தவறாதவர். ஒவ்வொரு ஆனியிலும் ஓலைக் கடகம் நிறையப் பழம் வரும். அப்பா வெட்டி, கன்னங்களை எல்லோருக்கும் பங்கிட்டு, கொட்டையை மட்டும் என்னிடம் நீட்டுவார்.

"இந்தா, கண்டுபிடிச்சவருக்கு."