இரண்டு வீட்டுக்கு ஒரு கல்வெட்டு

நெடுந்தீவு மேற்கு,
வைகாசி, 1984.

கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கும் மருமகன் தியாகலிங்கத்துக்குத் தாய்மாமன் சரவணமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீடும் கிணறும் நலம். உம்முடைய தாயார், என் தங்கை அன்னபூரணம், முழங்கால் நோவில்லாமல் மாடிப்படி ஏறி இறங்குகிறாள் என்று அறிய ஆவல். பதிப்புரிமை பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கு நீர் அனுப்பிய நாலு பக்கப் பதில் கிடைத்தது. வழக்கில் வென்றுவிட்டோம். நீதிமன்றம் இல்லை, நீதவான் இல்லை. குறிகட்டுவான் துறைக்குப் போகும் வள்ளத்துக்குக் காத்திருந்த சனம்தான் சாட்சி. முப்பது வருடம் தீவுப்பகுதி நிருபராக இருந்து மற்றவர்களுடைய வெற்றிகளைச் செய்தியாக்கி அனுப்பினவன் நான். என்னுடைய வெற்றியைப் போட ஒரு பத்திரிகையும் இல்லாதபடியால் உமக்கு எழுதுகிறேன். நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே தருகிறேன், அவசரப்படாமல் வாசியும்.

நீர் கொழும்பில் வளர்ந்தவர், ஆகையால் முதலில் ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவரைப் பற்றிய பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்பது அதுதான். கல்லிலே ஒன்றும் வெட்டுவதில்லை. முதற்பாட்டு திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பிறை, திதி எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். வருடா வருடம் திவசத்துக்கு நாள் வைக்கிறவர்கள் அதைப் பார்த்தே வைப்பார்கள். அதன் பின் புலம்பல் பாட்டுகள் வரும், அவற்றை வீட்டில் ஒருவர் இராகத்தோடு படிப்பார். உம்முடைய மாமி, என் மனைவி மீனலோசனி, போன வருடம் மாசியில் கண்மூடி மோசம் போனபோது, காசுக்குப் பாட்டு எழுதுகிறவர்களிடம் அவளைக் கொடுக்க மனம் வராமல், கல்வெட்டு முழுவதையும் நானே எழுதினேன். பொதுவாக இந்தப் பாட்டுகளில் பெண்கள் எல்லாரும் கற்பின் செல்வி, பொறுமையின் பூமி என்று ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருப்பார்கள். நான் நிருபர், கண்டதைத்தான் எழுதுவேன். இப்படி எழுதினேன்:

வானொலிச் செய்தி கேட்டு வாய்க்குள்ளே திருத்தி வைத்தாய்
நானெழுதும் செய்தியிலும் நாலுசொல் குறைத்து வைத்தாய்
மதில்தாண்டி வந்த குதிரைக்கும் மறவாமல் வைத்தாய் தண்ணீர்
எதிர்பார்த்த கண்ணோடு என்படகுக்கு ஏற்றினாய் விளக்கு

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. நான் எழுதும் ஒவ்வொரு செய்தியையும் வாசித்து வேண்டாத சொல்லை வெட்டினபிறகே தபாலுக்கு விடுவாள். இந்தத் தீவில் அலைந்து திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் எங்கள் கல்வேலிக்கு மேலால் தலையை நீட்டித் தண்ணீர் கேட்கும், வாளியோடு போவாள். செய்திக்கு அலைந்து நான் இரவில் வள்ளமேறித் திரும்பும் நாட்களில் விளக்கேற்றி வைத்திருப்பாள்.

இந்த மாசியில் அவளுடைய ஆட்டைத் திவசத்தை, முதலாம் வருடத் திவசத்தை, செய்தேன். கல்வெட்டில் உள்ளபடி தேய்பிறை நவமி. ஊரில் பாதிப்பேர் வந்து சாப்பிட்டார்கள். நாலு வீடு தள்ளியிருக்கும் அப்புத்துரையின் மனைவி இராசமணியும் வந்து, "பாயாசத்துக்கு மீனலோசனியின்ரை கை வேணும், உதுக்கு வெறும் சீனிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாந்தரமும் வாங்கிக் குடித்தாள். மறுநாள் காலை அவளும் மோசம் போய்விட்டாள். பாயாசத்தை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை, அவளுக்கு இருதய வருத்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவளுடைய அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். கல்வெட்டு செய்வித்தவர் தம்பிராசா. இவர் மாத்தறையில் புடவைக்கடை வைத்திருந்து, போன ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்தவர். இறங்குதுறையடியில் சின்னக் கடை போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்குக் கல்வெட்டு ஓடரும் பிடிக்கிறார், பாட்டும் தானே எழுதுவதாகச் சொல்லுகிறார். நல்ல குரல். எழுந்து நின்று, செருமிக்கொண்டு, "வானொலிச் செய்தி கேட்டு வாய்க்குள்ளே திருத்தி வைத்தாய்" என்று தொடங்கினார். அப்புத்துரை வீட்டில் வானொலி கிடையாது. குதிரை வரி வந்தபோது எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் இரகசியம் பேசத் தொடங்கினார்கள்.

"மெய்யே, இராசமணியக்கா குதிரைக்குத் தண்ணி வச்சவவோ? கல்லெல்லே வச்சு எறிஞ்சவ."

"பின்னை, அவவின்ரை தோளைக் கடிச்ச குதிரைக்குச் சர்க்கரையோ குடுக்கிறது?"

"செத்தாப்பிறகு எல்லாரும் நல்லாக்கள்தான், பேசாமல் கேளடி."

விளக்கு வரி வந்தது. அப்புத்துரை தோளில் கிடந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு விம்மி அழுதார். என் பெண்சாதிக்கு இன்னொருவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நான் வடையைக் கையில் வைத்திருந்தேன். செத்தவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் மருமகன், இதை யோசித்துப் பாரும். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் நாங்கள். எடுத்த படம் ஒன்று, அதிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் எப்படி இருந்தாள் என்று சொல்ல அந்தப் பாட்டு ஒன்றுதான் மிச்சம். அது ஊர் வாயில் இராசமணியின் பாட்டாகிவிட்டால் மீனலோசனி எங்கே போவது?

உமக்குக் கடிதம் எழுதியதோடு நில்லாமல், பதில் வருமுன் நானாக ஒரு காரியமும் செய்து பார்த்தேன். எழுத்தைப் பதிவுத்தபாலில் தனக்குத்தானே அனுப்பி, உடைக்காமல் வைத்திருந்தால் உரிமைக்கு அத்தாட்சி என்று யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம். கல்வெட்டை உறையிலிட்டு, என் விலாசத்தையே இரண்டு பக்கமும் எழுதித் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். தபால் அதிபர் இராயப்பு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அனுப்புறதும் நீங்கள், பெறுறதும் நீங்கள். இடையிலை நான் ஏன் அண்ணை?" என்றார். விதிப்படி செய்யும் என்றேன். அவர் முத்திரை குத்தி, துண்டு எழுதி, உறையை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி, "சரவணமுத்து ஆர்? வந்து கையெழுத்து வையுங்கோ" என்று கூப்பிட்டார். வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் அன்றைக்கு வேறு வேலைக்குப் போகவில்லை, இதைச் சொல்லிச் சொல்லியே பொழுதைப் போக்கினார்களாம். பிறகு உம்முடைய பதில் வந்தது: பதிவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம், எழுதிய கணமே உரிமை எழுதினவனுக்கு. அந்த உறையை இன்னும் உடைக்கவில்லை, வெட்கத்தால்.

பதிலை மூன்று முறை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இறங்குதுறையடிக்குப் போனேன். வள்ளம் பிந்தி நின்றதால் தம்பிராசாவின் கடையடியில் நல்ல சனம். இராயப்பு தபால் மூட்டைக்கு நின்றார். அப்புத்துரையும் நின்றார்.

"தம்பிராசா, அப்புத்துரை வீட்டுக் கல்வெட்டு ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை. ஏன், நல்லாயிருக்கே?"

"நல்லாயிருக்கு. நான் எழுதேக்கையும் நல்லாத்தான் இருந்தது."

தம்பிராசா தராசைக் கீழே வைத்தார். "பேரை மாத்தியிருக்கிறன் அண்ணை. பேர் மாறினால் பாட்டும் வேறைதானே" என்றார்.

"உம்மடை கடைச் சீலையிலை ஒருத்தன் தன்ரை பேர்த்துண்டை ஒட்டினால் அது அவன் நெய்த சீலையோ?"

"உதை மாத்தறையிலை கனபேர் செய்தவங்கள்" என்றார். பிறகு, "புத்தகத்திலை உரிமை கிரிமை எண்டு ஒண்டும் அச்சடிக்கேல்லையே. எங்கையாவது பதிஞ்சிருக்கோ?" என்று கேட்டார்.

"பதியத் தேவையில்லை. எழுதின உடனை உரிமை வந்திடும். சட்டம் அப்பிடி."

"உதை முதலே அறிஞ்சிருந்தால் எனக்கு ஒரு கையெழுத்து மிச்சம்" என்றார் இராயப்பு.

"அது எவ்வளவு காலத்துக்கு?" என்றார் தம்பிராசா.

"நான் உயிரோடை இருக்கிற மட்டும். செத்தும் ஐம்பது வருசம்."

"ஐம்பது வருசமோ? அதுக்குள்ளை இந்தத் தீவிலை எத்தினை சனம் மோசம் போகும். எல்லாருக்கும் நான் புதிசு புதிசாய் எழுத ஏலுமே? பெண்சாதி செத்தால் அழுறதுக்கும் உங்களிட்டைக் கேட்கோணுமோ?"

சனம் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். "கவலை எல்லாருக்கும் பொது, தம்பிராசா. ஆரும் அழலாம், ஆரும் எழுதலாம். குதிரைக்குத் தண்ணி வச்சவள் எண்ட சொல்லும் வரியும் பொது இல்லை. அது என்ரை."

அவர் வாதத்தில் தப்ப இருந்த கடைசி வாசலுக்கு ஓடினார். "ஒரே நினைப்பு ரெண்டு பேருக்கு வரக்கூடாதோ? நானும் தனிய இருந்து உப்பிடியே யோசிச்சிருக்கலாம்." இதைத்தான் நீர் நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தீர், தனியாக யோசித்து எழுதினால் குற்றமில்லை, பார்த்து எழுதியதை நாங்கள்தான் நிறுவ வேண்டும் என்று. அதன் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தீர்: திதி ஒரு தகவல், தகவல் ஒருவருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒருவருக்குச் சரியான நாள் மற்றவருடைய பிரதியில் பிழையாக இருந்தால் அது பார்த்து எழுதியதற்குச் சாட்சி. மருமகன், அந்த வரிக்காக உமக்குப் பனங்கட்டி அனுப்புகிறேன்.

இரண்டு கல்வெட்டையும் விரித்துப் பிடித்தேன். இரண்டிலும் மாசி, இரண்டிலும் தேய்பிறை, இரண்டிலும் நவமி. ஆண்டின் பெயர் மட்டும் வேறு. துந்துபி இருந்த இடத்தில் உருத்திரோற்காரியை ஏற்றியதில் அந்த அடி சனம் கூடின வள்ளம்போல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. "மீனலோசனியின்ரை திவசம் நவமியிலை. நீங்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டனீங்கள். இராசமணி எப்ப மோசம் போனவ?"

"அடுத்தநாள்" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"நவமிக்கு அடுத்தநாள்?"

"தசமி" என்று துறையே சொன்னது.

தம்பிராசா வேறு பக்கம் பார்த்தார். "வெண்பா எனக்கு வராது அண்ணை" என்றார், குரல் இறங்கிவிட்டது. "கை வச்சால் இடிஞ்சு விழும் எண்ட பயத்திலை வருசத்தை மட்டும் மாத்தினனான். மற்றது மாசிதானே, தேய்பிறைதானே எண்டு விட்டிட்டன்."

"எட, அப்ப வாற வருசம் நான் பிழையான நாளிலையோ திவசம் செய்யப்போறன்?" என்று அப்புத்துரை நெஞ்சில் கைவைத்தார். அந்த இடத்தில் வழக்கு முடிந்தது. வள்ளக்காரர் கூப்பிட்டும் ஒருவரும் ஏறவில்லை.

தீர்ப்பை நானே எழுதினேன். ஒரு துண்டு அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும்: "இப்பாடல்கள் மீனலோசனிக்காகச் சரவணமுத்து இயற்றியவை. இராசமணியின் திதியைத் தசமி எனத் திருத்தி வாசிக்கவும்." தம்பிராசா மறுபேச்சில்லாமல் அச்சடித்து வந்தார். வீடு வீடாக இருவரும் போனோம். அவர் பசை பூசினார், நான் ஒட்டினேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. எல்லா வீட்டிலும் மீனலோசனியைப் பற்றிக் கேட்டார்கள், குதிரைக்கு வாளி வைத்தவளா, உங்கள் செய்தியை வெட்டினவளா என்று. அவள் செத்தபோதுகூட இவ்வளவு பேர் அவளைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசி வீடு அப்புத்துரை வீடு. துண்டை ஒட்டி முடிந்ததும் அவர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "அண்ணை, வானொலி வரியை எடுங்கோ, குதிரை வரியையும் எடுங்கோ. அந்த விளக்கு வரியை மட்டும் எனக்கு விடுவியளே? நான் கடலுக்குப் போகேக்கை அவவும் ஏத்தினவ. எனக்கு அதைச் சொல்லத் தெரியாது" என்றார். உரிமை உள்ளவன் அனுமதி கொடுக்கலாம் என்று நீர் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர். கொடுத்தேன். வென்றவனுக்குத்தான் கொடுக்க முடியும் என்பது அன்றைக்கு விளங்கியது.

நீர் இன்னும் பல வழக்குகள் வென்று, நல்ல இடத்தில் கலியாணம் செய்து, தாயாரின் முழங்காலுக்கு ஏற்ற கீழ்வீடு ஒன்று பார்த்துக் குடியேற இந்தத் தீவில் உள்ள தெய்வங்கள் எல்லாம் துணை நிற்கும்.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற மாமன்,
சரவணமுத்து.

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டுமுன் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டார். துண்டு ஒட்டின கல்வெட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவராம். திதி விடியலோடு மாறுவதில்லை, நாளின் இடைநடுவிலும் மாறும். இந்த மாசியில் நவமி மறுநாள் மத்தியானம் வரை நின்றதாம். ஆகவே இராசமணி காலையில் போனது நவமியில். தம்பிராசாவின் புத்தகம் சரி, என் துண்டு பிழை. போன வருடம் மீனலோசனி போன நேரத்துக்கு நவமி முடிந்து தசமி தொடங்கிவிட்டதாம். நான் நாட்காட்டித் தாளில் பெரிய எழுத்தைப் பார்த்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில் நேரம் போட்டிருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். "அப்ப திவசத்தன்று நீர் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் பேப்பர்க்காரர், நீங்கள் சொன்ன நாளை நான் எப்பிடிப் பிழை எண்டுறது?" என்கிறார். ஆகவே நான் என் மனைவிக்கு எழுதிய வெண்பா அவளுக்குப் பொருந்தாது, இராசமணிக்கு அச்சொட்டாகப் பொருந்தும். நாளைக்குத் தம்பிராசாவும் நானும் வீடு வீடாகப் போய்த் துண்டு உரிக்கிறோம். பசை நல்ல பசை. ஒருவன் எழுதிய பிழையை இன்னொருவன் களவெடுத்ததால் அது சரியாகிவிட்டால் உரிமை யாருக்கு என்று சட்டத்தில் பார்த்து எழுதும். சாதாரணத் தபாலில் போடும், இராயப்பு காணக்கூடாது. மீனலோசனி வாசித்துத் திருத்தாமல் நான் அச்சுக்கு அனுப்பியவை வாழ்க்கையில் இரண்டுதான், அந்தக் கல்வெட்டும் இந்தத் துண்டும்.