தராசுக்காரரின் சரக்கு ரயில்

"இன்னியிலேருந்து, வேலையில்லாத ஒரு பெட்டிகூட என் பாதையில ஓடாது!"

தராசுக்காரர் சபதம் போட்டு மேஜைமேல் ஓங்கிக் குத்தினார். மலை குலுங்கியது. சுரங்கத்தின் வாய் இடிந்தது. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் குப்புற விழுந்தார்.

யாருக்கும் அடி இல்லை. மலை, பழைய செய்தித்தாளை ஊறவைத்துச் செய்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் உயரம் சுண்டுவிரல் நகம் அளவு. எல்லாம் பொம்மை ரயில். ஆனால் தராசுக்காரரின் எதிரில் பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று நாள் பேசமாட்டார்.

கடை கடையாகப் போய்த் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். அதனால் தெருவில் அந்தப் பெயர். வீட்டிலும் எல்லாம் துல்லியமாக இருக்கவேண்டும் அவருக்கு. ஒவ்வொரு ரயில் பெட்டியையும் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தால் உள்ளே இரும்புத் துண்டு ஒட்டுவார்.

இந்த ரயில் ஓடியது தெருப்பக்க அறையில். வீட்டில் ஜன்னலும் வெளிச்சமும் உள்ள ஒரே அறை அதுதான். அவருடைய மனைவி தையல் வேலை செய்பவள். அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் கிடந்தது. யாராவது குளிக்கப் போனால் அவள் எழுந்து, முக்காலியைத் தூக்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த அறையைத் தனக்குத் தரும்படி கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அவரோ, "அது ரயில்வே நிலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

சபதத்துக்குக் காரணம் எதிர்வீட்டுக்காரர். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள் மாலை முதல்முறையாக ரயிலைப் பார்க்க வந்தார். பார்த்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஏன் சார், ஆட்டுப் பெட்டிக்குப் பக்கத்துலயா மண்ணெண்ணெய்த் தொட்டிய மாட்டுவாங்க? ஆடு என்ன பாவம் பண்ணிச்சு? அது கிடக்கட்டும், இத்தனை பெட்டியும் எங்கதான் போகுது?"

"சுத்தி வருது சார்."

"சுத்தி வந்தா அது சரக்கு ரயில் இல்ல சார். ராட்டினம்!"

ராட்டினம்! ஒரு கிராம் பிசகினாலும் பொறுக்காத மனுஷரைப் பார்த்து ராட்டினம்! அதனால்தான் இந்தச் சபதம். ஒவ்வொரு பெட்டியும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். எங்கிருந்து வருகிறாய்? எதை ஏற்றியிருக்கிறாய்? யாருக்குக் கொண்டுபோகிறாய்? பதில் இல்லாத பெட்டிக்கு அட்டைப்பெட்டிதான் கதி.

அப்போது மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். தராசுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டுவதற்கு வாசற்படிவரை வருவாளே தவிர, இந்த அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது.

"என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், நான் உக்காரக் கூடாதா? நீங்க இவ்வளவு மெனக்கெடறீங்க. எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

தராசுக்காரர் திக்குமுக்காடிப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஏங்கிய வார்த்தை அது! தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று கேள்விகளையும் விளக்கினார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அடேயப்பா! எவ்வளவு யோசிச்சிருக்கீங்க! சரி, இந்தக் கறுப்புத் தொட்டியெல்லாம் என்ன?"

"மண்ணெண்ணெய்."

"யாருக்கு?"

"ஊருக்கு."

"உங்க ஊர்ல நாலு அட்டை வீடுதானே இருக்கு? ஒரு வீட்டுக்குக் கூரைகூட இல்ல. இவ்வளவு எண்ணெயையும் வாங்கி என்ன பண்ணுவாங்க, குளிப்பாங்களா?"

தராசுக்காரர் யோசித்தார். நியாயம்தான். தொட்டிகள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயின.

"இந்த மரக்கட்டை வண்டி?"

"அதோ, அந்த மலைக் காட்டுலேருந்து வருது."

"காடா? அங்க இருக்கறது மூணே மரம். அதுவும் நான் பாத்திரம் தேய்க்கற நார்."

"பச்சை அடிச்சிருக்கேனே!"

"அடிங்க, வேணாங்கல. ஒரு வண்டிக்கு மரம் வெட்டினா மலை மொட்டையாயிடுமே. அப்புறம் அந்த வண்டிக்கு என்ன வேலை?"

மரவண்டி போனது. தராசுக்காரர் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொன்னால் உற்சாகமாக இருந்தார். இவளுக்கு இவ்வளவு நுட்பம் தெரியும் என்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே!

"மாட்டுப் பெட்டி?" என்றார் அவரே முந்திக்கொண்டு.

"மாடு எங்க?"

"பிளாட்பாரத்துல நிக்குதே."

"இதுவா? இது ஸ்டேஷனைவிட ஒசரமா இருக்குதுங்க. பெட்டிக்குள்ள எப்படி ஏறும்? பெட்டிதான் மாட்டுக்குள்ள ஏறணும்."

மாட்டுப் பெட்டி போனது. ஆட்டுப் பெட்டியும், ஆடே இல்லாததால், கூடவே போனது. அடுத்தது சிமென்ட் பெட்டிகள். அவற்றை அவர் மிகவும் நம்பியிருந்தார். பாதை ஓரத்தில் ஆலையே கட்டியிருந்தாரே!

மனைவி அந்த ஆலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அடப்பாவமே! இது என் ஊசி டப்பா! வீடு முழுக்கத் தேடினேன். புகைக்கூண்டா ஒட்டியிருக்கறது என் நூல்கட்டை!"

ஆலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆலை போனபின் சிமென்டுக்கு என்ன வேலை? அந்தப் பெட்டிகளுக்கு அவர் எவ்வளவு பாடுபட்டுத் துரு பூசியிருந்தார்! "வீட்டு வாளி துருப்பிடிச்சா என்னைத் திட்டறீங்க. இங்க காசு குடுத்துத் துரு வாங்கியிருக்கீங்க" என்றபடி அவளே துடைத்து, பத்திரமாக அடுக்கினாள்.

கடைசியில் மேஜையில் மிஞ்சியது ஓர் என்ஜின், மூடிய சரக்குப் பெட்டி ஒன்று, பின்னால் கார்டு வண்டி.

"இதை அசைக்க முடியாது!" என்றார் தராசுக்காரர் பெருமையோடு. "மூடின பெட்டி. எதை வேணும்னாலும் ஏத்தலாம். அந்த நாலு வீட்டுக்கும் வேண்டிய சாமான் வருது. மூணு கேள்விக்கும் பதில் இருக்கு."

"இருக்குங்க. ஒத்துக்கறேன்." அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஆனா ஒரு சந்தேகம். ஒரே ஒரு பெட்டி. அதுக்கு ஒரு என்ஜின், ஒரு டிரைவர், ஒரு கார்டு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு மலை, ஒரு சுரங்கம். நிஜ ரயில்வேயில இப்படி ஒரு பாதை இருந்தா என்ன பண்ணுவாங்க?"

விஷயம் தெரிந்தவனிடம் கேள்வி கேட்டால் அவனுக்கு வாய் நிற்குமா?

"என்ன பண்ணுவாங்க! கட்டுப்படியாகாது. பாதையை மூடிடுவாங்க!"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

தராசுக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"கார்டு சார்! ஒரு நிமிஷம். சரக்கே வராத பாதையை என்ன பண்ணுவாங்க?"

கார்டு எதிர்வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடுவதற்காகவே காத்திருந்த மாதிரி உடனே பதில் வந்தது.

"மூடிட்டு, தண்டவாளத்தைக் கழட்டிடுவாங்க தங்கச்சி! நிலத்தை வேற உருப்படியான தொழிலுக்குக் குடுத்துடுவாங்க!"

தராசுக்காரர் ஜன்னலுக்கு ஓடினார். கார்டைக் கண்கொட்டாமல் பார்த்தார். கார்டு மொடமொடவென்று ஒரு சட்டை போட்டிருந்தார். காலர் கத்திமாதிரி நின்றது.

"சார்... சட்டை புதுசா?"

"தங்கச்சி தச்சுக் குடுத்தது சார். போன வாரம். கூலி வாங்கமாட்டேன்னுடுச்சு! வந்து உங்க ரயிலைப் பார்த்துட்டு, மனசுல பட்டதைச் சொல்லுங்க அண்ணேன்னு மட்டும்தான் கேட்டுச்சு!"

தராசுக்காரருக்குத் தலை சுற்றியது. அப்படியானால் சிரிப்பு? இருமல்? ராட்டினம்?

திரும்பினார். தையல் மெஷின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. மனைவி முழங்காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நிறுத்து! நிறுத்து! நினைச்சா மூடிட முடியுமா? அதுக்கு உத்தரவு வேணும்! மேலதிகாரி உத்தரவு!"

"இந்த ரயில்வேக்கு யாருங்க மேலதிகாரி?"

"நான்தான்!"

"நீங்கதானே இப்ப மூடச் சொன்னீங்க? கார்டு சார் காதுலயும் விழுந்துச்சே. விழுந்துச்சா சார்?"

"நல்லா விழுந்துச்சு தங்கச்சி!"

தராசுக்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அந்த நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மெஷினுக்கு உயரம் சரியாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் மலை பரணுக்குப் போனது. மேஜைமேல் துணி விரிந்தது. அந்த வீட்டில் அவர் போட்ட உத்தரவு ஒன்று, ஓர் எழுத்துக்கூட மாறாமல் நிறைவேறியது அன்றைக்குத்தான்.