மாறுகண்ணுக்கு ஒரு ட்ரையல்

அன்பும் பிடிவாதமும் ஒருசேர நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன், தையல்கடைக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் கடை மெஷின்களும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் என் தங்கையும் மருமகள் வாலுவும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால், நான் 'கண்' என்று ஆரம்பித்ததுமே உங்களை யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வாலுவின் மாறுகண்ணுக்கு ஆபரேஷன் செய்ய இதுதான் சரியான வயது என்று டாக்டரம்மா சொல்லியாகிவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்கள். காரணம், உங்கள் ஆபீஸ்காரர் ஒருவர், "கண்ணைப் பிடுங்கித் தட்டுல வெச்சு, தைச்சு, திரும்ப மாட்டுவாங்க" என்று சொன்னாராம். மாப்பிள்ளை, கண் அதன் இடத்தை விட்டு எங்கேயும் போவதில்லை. கண் உருண்டையைச் சுற்றி அதை அசைக்கும் தசைகள் பட்டி போல ஒட்டியிருக்கின்றன. அதில் ஒன்று அதிகமாக இழுத்தால் கண் அந்தப் பக்கம் போய்விடுகிறது. இழுக்கிற தசையைப் பிரித்து, கொஞ்சம் பின்னால் தள்ளித் தைத்தால் தளர்ந்துவிடும். எதிர்ப்பக்கத் தசையில் கொஞ்சம் கத்தரித்துவிட்டுத் தைத்தால் இறுகிவிடும். ஓரிடத்தில் பிடிப்பது, ஓரிடத்தில் விடுவது, அவ்வளவுதான். இதைத்தான் நான் மீசை முளைத்த நாளிலிருந்து ஊர்க்காரர்களின் இடுப்புக்குச் செய்துவருகிறேன்.

எனக்கும் பிறவியிலேயே அதே கண்தான். நான் ஒருவரைப் பார்த்து "கையைத் தூக்குங்க" என்றால் பக்கத்தில் நிற்பவர் தூக்குவார். அதோடு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். இந்த வயதில் எனக்கு ஆபரேஷன் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். விலை உயர்ந்த துணியில் கத்தரி வைக்கும் முன் பழைய துணியில் வெட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். வாலு விலை உயர்ந்த துணி. அந்தப் பழைய துணி நான்.

என் ஆபரேஷனுக்கு முன்னால் அதே டாக்டரம்மாவுக்குச் சில யோசனைகள் சொன்னேன். "முடிச்சைக் கெட்டியாப் போட்டுடாதீங்க டாக்டரம்மா, ட்ரையல் பார்த்துட்டுப் போடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படித்தான் செய்யப்போறோம். பெரியவங்களுக்கு உருவு முடிச்சா விட்டு வெச்சு, முழிச்சப்புறம் பார்வை எப்படின்னு கேட்டு, இழுத்தோ தளர்த்தியோ கட்டுவோம். நீங்க முதல்ல படுங்க" என்றார். அப்பொழுதே அவர்மீது எனக்கு ஒரு தொழில்முறைப் பாசம் வந்துவிட்டது.

ட்ரையலில்தான் சறுக்கினேன். அதற்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை. ட்ரையல் பார்க்க வரும் ஆட்களை உங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை. அச்சாகப் பொருந்தியிருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பறக்கப் போகிறவர்கள் மாதிரி கையை விரித்து, "அக்குள்ல பிடிக்குதே" என்பார்கள். அந்த ரகத்தில் நான் சேரக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். டாக்டரம்மா கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஒரு பேனாவைக் காட்டி, "எத்தனை தெரியுது?" என்றார். இரண்டு தெரிந்தது. டாக்டரம்மாவே இரண்டு பேர் தெரிந்தார்கள், இரண்டு பேரும் நல்ல முகராசிக்காரர்கள். "ஒண்ணு. பிரமாதமான வேலை" என்றேன். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்க." "கை வெச்சா கெட்டுடும் டாக்டரம்மா, அப்படியே கட்டிடுங்க." கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து, இருந்த இரண்டு வாசலில் இல்லாத வாசல் வழியாக உள்ளே போக முயன்று நெற்றியில் வீக்கம். கடையில் இரண்டு ஊசியில் எது ஊசி என்று புரியாமல் காற்றில் நூல் கோத்தேன். வங்கி மேனேஜரின் கோட்டுக்கு ஒரே தோளில் இரண்டு கை வைத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். கடைசியில் வீட்டுக்காரியிடம், "ரெண்டு பேரும் ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். "இன்னொருத்தி யாருங்க?" என்று ஆரம்பித்தவள், விஷயம் தெரிந்ததும் காதைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா இரண்டை ஒன்றாகக் காட்டும் ஒரு தனிக் கண்ணாடி கொடுத்து, "வாடிக்கையாளர் பொய் சொன்னா டெய்லர் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" என்றார். வாங்கி மாட்டிக்கொண்டேன். போகப்போக இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே எல்லாம் ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். கட்டிங் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்து, கொடுத்த காபியைக் குடித்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனீர்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போது வாலு தலையைக் குனிந்துகொள்கிறாளாம், தங்கை சொல்லி அழுதாள். நானும் அப்படிக் குனிந்தவன்தான் மாப்பிள்ளை. அன்றைக்கு எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே மறு பேச்சு பேசாமல் கையெழுத்துப் போடுங்கள். நானே கூட வந்து, முதல் தையலிலிருந்து கடைசி முடிச்சு வரை டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

வாலுவுக்கு என் முத்தங்கள், தங்கைக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலனில் இரு கண்ணும் வைத்திருக்கும்
மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தங்கையிடமிருந்து போன். வாலுவுக்கு ஆபரேஷன் முந்தாநாளே முடிந்துவிட்டதாம். அன்றைக்கு நீங்கள் என் கடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டீர்களாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "தெரிஞ்சா உங்க அண்ணன் வந்து டாக்டர் கையிலேர்ந்து ஊசியை வாங்கிடுவார்னு அவர்தான் சொல்ல வேணாம்னாரு" என்றாள். உங்களை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் போன் வாலுவின் கைக்குப் போய்விட்டது. "மாமா, கட்டு பிரிச்சாச்சு. அப்படியே மாமா கண்ணு மாதிரியே இருக்குன்னு அப்பா சொல்றாரு" என்றாள். இதுவரை நம் வீட்டில் அந்த வார்த்தையைப் பெருமூச்சு விடாமல் யாரும் சொன்னதில்லை. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். காலை முதல் வண்டிக்குக் கிளம்புகிறேன் மாப்பிள்ளை. கடிதத்தையும் நானே கொண்டுவந்து தருகிறேன். டாக்டரிடம் வாயே திறக்க மாட்டேன்.