கரகரப்பு வந்த இடமெல்லாம்

மைத்துனனைத் துரத்திவிட்ட பிறகும் கரகரப்பு போகவில்லை.

கிடார்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள்தான் பாடகி. கிடாரில் இடி இடிப்பது இவர், அதன் மேல் இழைந்து பாடுவது அவள். நடுவில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, விரலால் முன்னும் பின்னும் தேய்த்து விக்கல் போல ஒரு சத்தம் எழுப்புகிறவன் அவளுடைய தம்பி. குடும்பமாகச் சேர்ந்து ஒரு ராக் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாட்டுக்குப் பாட்டு கரகரவென்று ஏதோ கேட்டது. "உன் தட்டுதான்டா என் பாட்டைக் கெடுக்குது" என்று இவர் கத்தினார். பையன் "சரி மாமா" என்று தட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் தேய்த்ததையெல்லாம் பாட்டுகளிலிருந்து நீக்கினார். கரகரப்பு முன்னைவிடப் பளிச்சென்று கேட்டது.

"ஃப்ரிட்ஜ்தான் காரணம்" என்று அதன் ஒயரைப் பிடுங்கினார். பால் கெட்டது. கரகரப்பு அப்படியே இருந்தது.

"உன் தோடு மைக்ல உரசுதுன்னு நினைக்கிறேன்."

அவள் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடினாள்.

"இப்பவும் வருதே. தொண்டை கட்டியிருக்கா?"

"உங்க கிடாரை ஒரு தடவை கடையில காட்டிப் பார்த்தா என்ன?"

"என் கிடாரைக் குறை சொல்ற வேலை வேண்டாம்."

அவள் மைக்கை அணைத்தாள். "என் தம்பியக் கூப்பிட்டுப் பேசுங்க. அதுவரைக்கும் நான் பாடுறதா இல்ல."

ஆக, பாட்டும் போயிற்று. மைத்துனன் உட்காரும் மூலையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து மாமா மாமா என்று பின்னாலேயே சுற்றியவன். அவன் இல்லாமல் அறை நன்றாகவே இல்லை. போனை எடுத்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று திரும்ப வைத்துவிட்டார்.

கடைசியில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். வாசித்துக் காட்டக் கிடாரும் கூடப் போயிற்று. கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிடாரில் ஒயர் செருகும் இடத்தை விரலால் லேசாக ஆட்டினார்.

கரகர.

"இதுதான் சார். உள்ள ஒயரைப் பத்தவச்சது விட்டுப்போயிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

கிடார்காரர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தெரியாம ஒரு நல்ல பையன் மேல பழி போட்டுட்டேங்க. பாவம், அவனுக்கும் இது தெரியாது."

"யாரு, தட்டு தேய்க்கிற தம்பியா?" கடைக்காரர் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அவர் அப்பவே பாட்டைப் போட்டுக் காட்டிக் கேட்டாரே. கிடார்லதான் கோளாறு, மாமாகிட்ட சொல்லிடுங்கன்னேன். 'சொன்னா மனுஷன் தாங்கமாட்டாருண்ணே, அது கரகரக்கிற எடத்துலயெல்லாம் நான் தட்டைத் தேய்ச்சு மறைச்சுக்கிறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."